உடைந்தது கைப்பிடி, பழுது வேறிடம்

ஜன்னல் கைப்பிடி உடைந்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். முதல் சில வாரங்கள் அந்த ஜன்னலைத் திறக்காமலே விட்டுவிடுவார்கள். அல்லது திறந்தே போட்டு, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கயிற்றால் கம்பியோடு கட்டிவைப்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஹார்டுவேர் கடைக்குப் போய், ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் ஒன்றை வாங்கி வந்து, பழைய ஓட்டைகளிலேயே ஸ்குருவை முடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்வார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதுவும் கையோடு வந்துவிடும். “இப்பல்லாம் என்ன சாமான் தர்றாங்க” என்று கடைக்காரருக்கு ஒரு வசவு, மறுபடி ஒரு புதுக் கைப்பிடி. இதில் யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி, அது ஏன் உடைந்தது என்பது. கைப்பிடி தானாக உடைவது அபூர்வம். ஜன்னலின் வேறோர் இடத்தில் ஏதோ இறுகிப்போகிறது, தொங்கிப்போகிறது, துருப்பிடிக்கிறது. அதை ஈடுகட்ட நாம் கூடுதல் பலத்தோடு இழுக்கிறோம். அந்தப் பலம் முழுவதும் போய்ச் சேரும் இடம் கைப்பிடி. ஆகவே புதிய கைப்பிடியைப் பூட்டுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே. அதுவும் சுலபமான பகுதி.

உடனே எழும் மறுப்பு, சாமானின் தரத்தைப் பற்றியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று கடைகளில் கிடைக்கும் கைப்பிடிகளில் பல, துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து அச்சில் வார்த்தவை. மேலே பளபளப்பாக ஒரு முலாம். இந்தக் கலவை நல்லதுதான், முறையாகச் செய்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் உலோகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு சேர்ந்தாலும் ஈரம் பட்டு உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். விலையைக் குறைக்க உட்புறத்தைக் குடைந்து மெல்லிதாக வார்ப்பதும் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும் ஒரு சோதனை மிஞ்சுகிறது. வீடு கட்டும்போது எல்லா ஜன்னலுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே ரகக் கைப்பிடிதான் வாங்கியிருப்பார்கள். குற்றம் சாமானுடையது என்றால் எல்லாமே முன்பின்னாக ஒரே காலத்தில் விட்டுப்போக வேண்டும். ஆனால் உடைவது எது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் சமையலறை ஜன்னல், மழைச் சாரல் நேரே அடிக்கும் ஜன்னல், மேற்கு வெயில் வாங்கும் ஜன்னல், குளியலறை ஜன்னல். ஒரே பெட்டியிலிருந்து வந்தவற்றில் ஒன்று மட்டும் இரண்டாம் முறையும் போகிறது என்றால், விசாரிக்க வேண்டியது அந்த ஜன்னலைத்தான்.

விசாரணையை உடைந்த துண்டிலிருந்தே தொடங்கலாம். நாம் அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம். வெளிச்சத்தில் பிடித்து முறிந்த முகத்தைப் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி வெளிர்சாம்பல் நிறத்தில், மணல்மணலாகப் பளிச்சென்று இருந்தால், அது ஒரே இழுப்பில் முறிந்திருக்கிறது. யாரோ அன்று கொஞ்சம் அதிகமாகப் பலம் போட்டிருக்கிறார்கள். ஒரு ஓரம் கறுத்து அழுக்கேறி, மீதிப் பகுதி மட்டும் பளிச்சென்று இருந்தால், விரிசல் பழையது. பல மாதமாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து வந்து, உடைந்த அன்று மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த பகுதி விட்டுப்போயிருக்கிறது. அப்படியானால் அந்த ஜன்னல் பல மாதமாகவே முரண்டு பிடித்திருக்கிறது என்று பொருள். முறிவில் வெள்ளைப் பொடி படர்ந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால் அது அரிப்பு. அதன் காரணம் வேறு, பின்னால் பார்ப்போம். கைப்பிடி முழுசாக இருந்து ஸ்குருக்கள் மட்டும் மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், பிரச்சினை மரத்தில். ஒரு நிமிட வேலை. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

மர ஜன்னலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஜன்னல் கதவுகள் இறுகுவது எல்லோருக்கும் தெரியும். அது ஏன் கைப்பிடியை உடைக்கும் அளவுக்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் நீள்வதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்பும். இரண்டு கதவு வைத்த ஜன்னலில் அகலத்தின் குறுக்கே நான்கு நெடுஞ்சட்டங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் உப்பினாலே நான்கும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர். தச்சர் விட்டிருந்த இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்பதால்தான் அதற்கு அந்த விலை. செலவைக் குறைக்க நாட்டு மரத்தில், அதுவும் சரியாகக் காயாத மரத்தில், செய்த கதவுகள் இன்னும் அதிகமாக உப்பும். நிலையோடு இறுகிய கதவைத் திறக்க நாம் பிடிப்பது நடுவில் இருக்கும் சின்னக் கைப்பிடியை. அது கதவை லேசாக இழுக்கப் பூட்டியது; இரண்டு மூன்று அடி நீள உரசலை எதிர்த்து இழுக்கப் பூட்டியது அல்ல.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தச்சரே வர வேண்டும் என்பதில்லை. நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறந்தால், ஒட்டும் இடத்தில் மட்டும் கதவில் வெள்ளைத் தடம் விழும். மேல்மூலையில் மட்டும் தடம் விழுகிறதா? கதவின் திறக்கும் முனையைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மேல் கீலின் ஸ்குருக்கள் தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது. தாழ்ப்பாள் தன் குழிக்குள் போகாமல் இடிப்பதும் இதனால்தான். அங்கே கீலை முடுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும், இழைக்கவே வேண்டாம். நீளம் முழுக்கத் தடம் விழுந்தால் மரம் உப்பியிருக்கிறது. அப்போதும் நடு மழைக்காலத்தில் இழைப்புளியை எடுக்காதீர்கள். அதிகம் உப்பிய நிலையில் இழைத்தால் சித்திரையில் விரல் போகும் அளவு சந்து தெரியும். காத்திருந்து, காய்ந்த பிறகு தேவையான அளவு மட்டும் இழைப்பது புத்திசாலித்தனம். இன்னொன்று, கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே பெயின்ட்டே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது, மரம் தண்ணீரை அதிகம் குடிப்பதும் அந்த முனையில்தான். இழைத்த விளிம்பையும் அடி விளிம்பையும் பெயின்ட்டால் மூடாமல் கைப்பிடியை மட்டும் மாற்றினால், அடுத்த ஐப்பசிக்கு நீங்களே தேதி குறித்துக்கொள்ளலாம்.

ஸ்குரு பிடுங்கிக்கொண்ட ஓட்டையில் அதே ஸ்குருவை மறுபடி முடுக்குவது வீண். தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி முடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எடை குறைந்த கொக்கிக்கு அது போதும், தினமும் இழுபடும் கைப்பிடிக்குப் போதாது. ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, காய்ந்த மரத்தில் சீவிய ஆப்பை மரப்பசை தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, விளிம்போடு சீவி, நடுவில் மெல்லிய துளை போட்டு, பழையதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்குருவை முடுக்கினால் நிற்கும். தச்சு வேலையில் தாராளமாகப் புழங்கும் கருப்பு ஸ்குருவை ஜன்னலுக்குப் போடாதீர்கள். அது ஜிப்சம் பலகைக்காகச் செய்தது. கடினமாக்கப்பட்டதால் வளையாமல் முறிந்துவிடும், ஈரம் பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளை ஸ்குருவும், எவர்சில்வர் கைப்பிடிக்கு எவர்சில்வர் ஸ்குருவும்தான் முறை.

பழைய அரசுக் குடியிருப்புகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருக்கும் இரும்புச் சட்ட ஜன்னல்களில் கதை இன்னும் எளிது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் பெயின்ட். வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த எனாமல் பூச்சு, கதவும் சட்டமும் சேரும் மடிப்பில் தடித்துப்போய், கதவு முழுதாக மூடவே இடமில்லாமல் செய்துவிடுகிறது. கைப்பிடியின் மூக்கை அதன் பிடியில் திணிக்க ஒவ்வொரு முறையும் தோளால் தள்ள வேண்டியிருக்கிறது. மடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பழைய பித்தளைக் கைப்பிடியே இன்னும் பல காலம் ஓடும்.

இப்போது யுபிவிசி ஜன்னல். இதில் கைப்பிடி வெறும் பிடி அல்ல, ஒரு நெம்புகோல். அதன் அடியிலிருந்து 7 மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒன்று சட்டத்துக்குள் போகிறது. கடைக்காரர்கள் ஸ்பிண்டில் என்பார்கள். அது உள்ளே ஒரு சிறு கியர்பாக்ஸைத் திருப்புகிறது, கியர்பாக்ஸ் மேலும் கீழும் ஓடும் பட்டைகளை நகர்த்துகிறது, பட்டைகளில் இருக்கும் காளான் வடிவக் குமிழ்கள் நிலையில் பதித்த கவ்விகளுக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. அதனால்தான் ஒரே திருப்பில் கதவு இரண்டு மூன்று இடங்களில் பூட்டிக்கொள்கிறது. கைப்பிடியின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், கம்பியின் அரை அகலம் மூன்றரை மில்லிமீட்டர். ஆகவே கைப்பிடியின் நுனியில் நாம் கொடுக்கும் பலம் கம்பியின் விளிம்பில் ஏறத்தாழ 30 மடங்காகப் பெருகுகிறது. குமிழ் கவ்விக்குள் நேராகப் போனால் இந்தப் பெருக்கம் தேவையே இல்லை, இரண்டு விரல் போதும். கதவு இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, குமிழ் கவ்வியின் விளிம்பில் இடித்தால், நாம் முழுக்கையால் முறுக்குகிறோம். அப்போது விட்டுப்போவது கைப்பிடியின் கழுத்து, அல்லது கம்பி உட்காரும் சதுரக் குழி. அவை தப்பித்தால் கியர்பாக்ஸின் பல்.

கதவு ஏன் இறங்குகிறது? கண்ணாடியின் எடையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. 5 மில்லிமீட்டர் கண்ணாடி போட்ட, 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவில் கண்ணாடி மட்டும் 9 கிலோ. பிளாஸ்டிக் சட்டம் இதைத் தன் மூலைகளால் தாங்கிவிடாது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே, கீல் பக்கக் கீழ்மூலையிலும் அதற்கு எதிர்முனையான மேல்மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, எடையைக் குறுக்காகக் கீலுக்கு அனுப்புவதுதான் முறை. பொருத்துபவர் அவசரத்தில் அந்தத் துண்டுகளை வைக்காமல் போனாலோ, அவை நழுவிவிட்டாலோ, கதவு மெல்ல மெல்லச் சாயும். வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பிவிசி வெப்பத்தில் நன்றாகவே நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர். உள்ளே செருகியிருக்கும் இரும்பு அதைக் கொஞ்சம் அடக்கும், முழுக்க அல்ல. மேற்குப் பார்த்த ஜன்னல் காலையில் சுலபமாகப் பூட்டி, சாயங்காலம் அடம்பிடிக்கிறது என்றால் காரணம் இதுதான்.

எந்த உறுப்பில் பழுது என்று பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நிலையில் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். (சில ரகங்களில் திறந்த நிலையில் திரும்பாதபடி விளிம்பில் ஒரு சிறு தடுப்பு இருக்கும், அதை விரலால் அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும்.) திறந்திருக்கும்போது வழுவழுவென்று திரும்பி, மூடினால் மட்டும் இறுகினால், கைப்பிடியும் கியர்பாக்ஸும் நிரபராதிகள், கதவு இறங்கியிருக்கிறது. குமிழ்கள் பலவற்றை ஆலன் கீயால் திருப்பி ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்த்தலாம், கவ்விகளின் ஸ்குருவைத் தளர்த்தி இடம் மாற்றலாம், அதற்கும் மேல் என்றால் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டுகளைச் சரிசெய்ய ஆள் வர வேண்டும். திறந்த நிலையிலேயே இறுகினால், கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலை மட்டும் குழியில் விட்டு இடுக்கியால் திருப்புங்கள். அப்போதும் இறுகினால் கியர்பாக்ஸ், சுலபமாகத் திரும்பினால் கைப்பிடி. கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தாலும் இதே சோதனைதான் விடை சொல்லும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் நீண்ட விசாரணை தேவையில்லை. கீழே டிராக்கில் மண்ணும் தலைமுடியும் பூச்சிச் சிறகும் அடைந்து, தண்ணீர் வடியும் ஓட்டை மூடிக்கொண்டு, மழைநீர் தேங்கி, சக்கரத்தின் பேரிங் துருப்பிடிக்கிறது. உருண்டு போக வேண்டிய கதவை நாம் இழுத்துக்கொண்டு போகிறோம். இழுப்பதற்கு ஏந்தலாக இருப்பது டச் லாக் மட்டும்தான். டிராக்கைச் சுத்தம் செய்து, கதவைத் தூக்கிக் கழற்றி, சக்கரத்தை மாற்றிய பிறகே லாக்கைத் தொடுங்கள்.

“இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, நல்ல கனமான எவர்சில்வர் கைப்பிடியாக வாங்கிப் போட்டால் உடையாதே” என்பது அடுத்த மறுப்பு. உடையாதுதான். அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றினால் ஃப்யூஸ் போகாது, ஒயர் எரியும்; இதுவும் அதே புத்திதான். கைப்பிடி இந்த ஜன்னலின் மிக மலிவான, வெளியே இருக்கிற, இரண்டு ஸ்குருவைக் கழற்றினால் கையில் வந்துவிடுகிற உறுப்பு. அது தாங்கிக்கொண்டால் பலம் உள்ளே இறங்கும். அங்கே கியர்பாக்ஸ் இருக்கிறது. அதன் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. அதுவும் தாங்கினால் கீல், பிறகு கண்ணாடி. மர ஜன்னலில் நெடுஞ்சட்டத்தின் பொருத்தே விட்டுப்போகும். ஒரு வகையில், முதலில் உடைந்து எச்சரிக்கை கொடுத்த மட்டமான கைப்பிடி நமக்கு நல்லதே செய்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இனி வெள்ளைப் பொடி. என் வாதத்துக்கு உண்மையான விதிவிலக்கு இதுதான். இங்கே கைப்பிடி பிறர் குற்றத்துக்குப் பலியாகாமல் தன் மேனியிலேயே நோய்ப்படுகிறது. சென்னையில் திருவான்மியூர், ராயபுரம், தெற்கே நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று முலாமின் ஊசிமுனைத் துளை வழியாக நுழைந்து துத்தநாகத்தைத் தின்கிறது. அலுமினியத்தில் இரும்பு ஸ்குருவைப் போட்டால், உப்பீரம் இரண்டையும் மின்கலம்போல் இணைத்துவிட, ஸ்குருவைச் சுற்றி அலுமினியம் பொடிந்துபோகும். எவர்சில்வர் என்று விற்பவையும் எல்லாம் ஒன்றல்ல. 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் உண்டு; 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் அது உப்பைத் தாக்குப்பிடிக்கும்; மலிவான 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். காந்தத்தை வைத்துக் காட்டி “பாருங்க சார், ஒட்டலை, ஒரிஜினல்” என்பார்கள். 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. கடலே இல்லாத ஊரில் குளியலறைக் கைப்பிடி மட்டும் பொரிந்துபோயிருந்தால், தரையைக் கழுவ ஊற்றும் ஆசிட்டைச் சந்தேகியுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை எவர்சில்வரையும் விட்டுவைக்காது. ஆசிட்டை நிறுத்தாமல் 316 ரகமே வாங்கிப் போட்டாலும் பணம்தான் தண்டம். ஆக, விதிவிலக்கு என்று சொன்ன இடத்திலும் காரணம் கைப்பிடிக்கு வெளியேதான் இருக்கிறது.

இதெல்லாம் முடிந்து கடைக்குப் போகும்போது பழைய கைப்பிடியைக் கையோடு கொண்டுபோங்கள். செல்போன் படம் போதாது. படத்தில் அளவு தெரியாது. யுபிவிசி கைப்பிடியில் இரண்டு ஸ்குருவின் நடுவுக்கு நடு பெரும்பாலும் 43 மில்லிமீட்டர், ஸ்குரு ஐந்து மில்லிமீட்டர் ரகம். ஏமாற்றுவது ஸ்பிண்டிலின் நீளம். அடித்தட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குட்டையாக இருந்தால் கியர்பாக்ஸின் விளிம்பை மட்டும் பிடித்துச் சீக்கிரம் வழுக்கும். நீளமாக இருந்தால் அடித்தட்டு சட்டத்தோடு உட்காராது, அதை ஸ்குருவால் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தால் தட்டே வளையும். நீளமானதை வாங்கி இரும்பு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம், தவறில்லை. வளைந்த கைப்பிடி என்றால் இடதா வலதா என்பதும் உண்டு. மர ஜன்னலுக்கு, பழைய ஓட்டைகளோடு பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அவற்றை மறைக்கும் அளவுக்குச் சற்று நீளமான அடித்தட்டுள்ளதாக வாங்கினால் புதிய, உறுதியான மரத்தில் ஸ்குரு இறங்கும்.

பூட்டும் வேலை பத்து நிமிடம். யுபிவிசி கைப்பிடியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அடித்தட்டின் மூடி சுழன்று ஸ்குருக்கள் தெரியும். கழற்றி, பழையது நின்ற அதே நிலையில் புதியதைச் செருகி, கையால் திருகும் திருப்புளியால் முடுக்குங்கள். மின்சாரத் திருப்புளி வேண்டாம், மெல்லிய புரி சுலபமாக வழுக்கிவிடும். எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். அது தூசியைச் சேர்த்துப் பிசுக்காகி, நாளடைவில் தானே ஒரு தடையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். ஆனால் யுபிவிசி ஜன்னலின் கருப்பு ரப்பர் பட்டையில் அந்த எண்ணெய் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். அதற்குச் சிலிக்கான் ஸ்பிரே.

பழைய ஜன்னல்களோடு மல்லுக்கட்டுவதைவிட மொத்தமாக மாற்றிவிடுவதே மேல் என்பவர்கள் உண்டு. கரையான் தின்ற நிலை, உளுத்துப்போன சட்டம் என்றால் சரிதான். நல்ல மரத்தை ஒரு கைப்பிடிக்காகப் பெயர்ப்பது வேறு விஷயம். சுவரில் பதித்த நிலையை எடுத்தால் பூச்சு, கம்பி, பெயின்ட் எல்லாம் கூடவே வரும். புது ஜன்னலும் இறங்கும், இறுகும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு ஜன்னல்கள் தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன. அவற்றின் பித்தளைக் கொண்டியோ குமிழோ தொலைந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடினால் ஜோடி கிடைக்கக்கூடும். அந்த ஜன்னல்களில் பாலிஷ் அடித்த அலுமினியக் கைப்பிடியைப் பூட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

ஏசி வந்த பிறகு ஜன்னலைத் திறப்பதே இல்லை, உடைந்தால் என்ன என்று கேட்கலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் ஓர் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது; வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு. 120 சதுர அடி அறைக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் 20 சதுர அடி. கைப்பிடி இல்லாமல் மூடிக்கிடக்கும் ஜன்னல் இந்தக் கணக்கில் சுவராகிவிடுகிறது. அதைவிட ஆபத்து, மூடாமல் கிடக்கும் ஜன்னல்: சாரல் உள்ளே வந்து நிலையின் அடிக்கட்டையை உளுக்க வைக்கும், புயல் காற்றில் கதவு அடித்துக் கண்ணாடி போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, ஏன் உடைந்தது என்ற கேள்விக்குப் பண மதிப்பே உண்டு. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், ஜன்னல், கதவு, அலமாரிகளின் குமிழ்களையும் பூட்டுகளையும் மாற்றுவதைக் குடியிருப்பவர் கணக்கில் சேர்க்கிறது; கட்டுமானப் பழுதுகளை வீட்டுக்காரர் கணக்கில் சேர்க்கிறது. குமிழ் தேய்ந்து போயிருந்தால் செலவு உங்களுடையது. சுவர் இறங்கி நிலை கோணலானதால் கதவு இறுகி, அதனால் குமிழ் உடைந்திருந்தால், அந்த நியாயத்தை வீட்டுக்காரரிடம் பேசலாம். பேசுவதற்கு முன் ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டு நிலை நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மாடி வீடுகளில் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளைப் பற்றி. உட்புறமாகக் கைப்பிடியைக் கழற்றி மாட்டும் வரை யாரும் செய்யலாம். ஆனால் சோதனையில் பழுது கீலிலோ கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டிலோ இருப்பது தெரிந்தால், அதோடு நிறுத்திவிட்டு, கதவை மூடிக் கயிற்றால் கம்பியோடு கட்டிவிட்டு, யுபிவிசி வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும் கதவு அது, கீழே நடைபாதை இருக்கிறது.